நோயாளி உங்களுக்கு என்ன உறவு

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஃபோட்டோ கொப்பி எடுப்போம், டைப் அடிப்போம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்ப்போம், அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்போம். வெளிநாடு போகிறவர்களின் படிவங்களை நிரப்பி நிரப்பி, ஒரு ஆளை ஆள்தான் என்று நிரூபிக்க என்னென்ன தாள் வேண்டும் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் கட்டிக்கொண்ட மனிதரிடம் காலாவதியான ஒரு பாஸ்போர்ட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளியிருந்த சைவக்கடையில் அவர் தோசை மாஸ்டர். இந்தியாவில் கூடலூர்ப் பக்கத்திலிருந்து விசிட் விசாவில் வந்தவர். வேலை விசா எடுத்துத் தருவதாகச் சொன்ன முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, "செய்வம், செய்வம்" என்றே மூன்று வருடத்தைக் கடத்தினார். பிறகு கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அதற்கும் உயிர் போயிருந்தது, விசாவுக்கும் உயிர் போயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் அங்கேதான் போவேன். ஒருநாள் தோசை கருகி வந்தது. திருப்பி அனுப்பினேன். அவரே கல்லை விட்டு வெளியே வந்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கொழும்பில் எங்களைப் போன்ற மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் அந்தக் கேள்வியை நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள் குறைவு.

"ஏன், தோட்டத்துக்காரின்னா கருகின தோசைதான் குடுப்பீங்களா?" என்றேன்.

"அய்யோ, இல்லீங்க. எங்கம்மா பேசுற மாதிரியே பேசுறீங்க. அம்மா பொறந்தது மஸ்கெலியாப் பக்கம்."

அவருடைய அம்மா பிறந்தது இங்கேதான். எங்கள் ஆட்களை இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில், ஒன்பது வயதில், தாய் தகப்பனோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். என் அப்பாவின் குடும்பம் எப்படியோ இங்கேயே நின்றுவிட்டது. ஆனாலும் அப்பாவுக்குக் குடியுரிமைத் தாள் கிடைத்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஒரே மலையில் கொழுந்து பறித்த இரண்டு குடும்பங்களில் ஒன்று இந்தியாவுக்கு, மற்றது இலங்கைக்கு என்று ஆகிவிட்டது. அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்தபோது, அவர் இந்த நாட்டில் கள்ளத்தனமாக இருக்கும் ஆள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலில் தாலி கட்டினார். பதிவுத் திருமணம் செய்ய முடியவில்லை. வெளிநாட்டவர் என்றால் செல்லுபடியாகும் விசா வேண்டும் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். கோயில் இருந்த அதே ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். மகள் பிறந்தாள். அவளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. இரண்டு பேரும் போய்க் கையெழுத்து வைத்தோம். கையெழுத்து வைத்ததுமே அவர் படியிறங்கிப் போய்விட்டார். அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குள் அவர் அதற்கு முன் காலடி வைத்ததில்லை.

பொலிஸ்காரரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறுவார். பஸ்ஸில் எப்போதும் பின்கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். காய்ச்சல் வந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார், அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள் என்ற பயம். தோசைக் கல்லுக்கு முன்னால் பத்து மணித்தியாலம் நின்று நின்று முதுகுவலி. ஃபார்மசியில் நோவுக் குளிசை வாங்கிக் காலைத் தேநீரோடு போடுவார். பிறகு மத்தியானமும் போடத் தொடங்கினார். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்ததை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. நானும்தான். நோவு தீர்ந்தால் போதும் என்று குளிசையை நானே வாங்கிக் கொடுத்த நாட்களும் உண்டு. அதை இப்போதும் என்னால் விழுங்க முடியவில்லை.

மகள் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, மதியக் கூட்டத்தின் நடுவில் கல்லுக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தார். கடைப் பையன்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. ஒக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், அன்றிரவே குருதியைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தில் போட்டார்கள். பிற்பாடு நான் யார் யாரையோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி ஓடினவர்களை மட்டும் ஒருபோதும் திட்ட மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவராக இருக்கும்.

"அக்கா, ரெண்டு கிட்னியும் வேலை செய்யேல்லை. கன காலமா பழுதாகிக்கொண்டு வந்திருக்கு. என்ன குளிசை போட்டவர்?"

கைப்பையிலிருந்த குளிசை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இதுவும்தான் கிட்னியைக் கெடுத்திருக்கு" என்றார்.

"டயலிசிஸ் செய்து கொஞ்சக் காலம் கொண்டு போகலாம். வேற கிட்னி வைக்கிறதுதான் வழி. ஆனா இவர் வெளிநாட்டுக்காரர், விசாவும் இல்லை. எங்கட நாட்டு ஆள் வெளிநாட்டுக்காரருக்குக் கிட்னி குடுக்க ஏலாது. கிட்டின சொந்தம் எண்டு நிரூபிச்சு, விசேஷ அனுமதி எடுத்தா மட்டும்தான் செய்யலாம்."

"நான் அவரோட சம்சாரம்ங்க."

"சேர்டிபிகேட் இருக்கோ?"

மூன்று மொழியிலும் விவாக அத்தாட்சிப் பத்திரம் டைப் அடித்துப் பிழைக்கிறவள் நான்.

கிழமையின் ஏழு நாளில் இரண்டு நாள் டயலிசிஸ். குடிக்கும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வேறு நாட்டிலிருந்து அகதியாக வந்த ஒருவர் இருப்பார். அவரிடம் மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதம் மட்டும்தான் இருந்தது. அவருடைய மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டி கொண்டுவந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை என் கணவருக்குக் கொடுப்பார். தாகத்துக்கு அதைத்தான் உறிஞ்ச வேண்டும் என்று சைகையால் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கதிரை காலியாக இருந்தது. அடுத்த தடவையும் காலி. அங்கே நின்ற தாதி மிஸ்ஸியிடம் கேட்டேன். ஆள் இறந்துபோனதாகச் சொன்னார். அந்த மனிதருக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்கு இந்த ஊரில் ஒரு சொந்தமும் இருக்கவில்லை.

மறுநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னார்.

"நான் ஊருக்குப் போயிடுறேன் புள்ள."

"போய்?"

"அக்கா இருக்குல்ல."

"அக்காவுக்குச் சக்கர வியாதி. அது கிட்னி குடுக்குமா? போனா திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும். நீயும் புள்ளயும் தப்பிச்சுக்குவீங்க. உன் ஒடம்புல கத்தி படுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

"உங்க சம்மதத்த யாரு கேட்டா? கிட்னி என்னுது. வாய மூடிக்கிட்டு இருங்க."

அவர் சிரித்தார். பிறகு அழுதார். நான் துணியை மடித்து முடித்தேன்.

என் இரத்த வகை பொருந்தியது. மற்றப் பரிசோதனைகளும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. செய்தி தெரிந்ததும் வத்தளையிலிருந்து என் அண்ணன் வந்தான்.

"அந்த இந்தியாக்காரனுக்கு ஒன் ஒடம்ப வெட்டிக் குடுக்கப் போறியா? நாளைக்கு அவன் எந்திரிச்சு ஊருக்குப் போயிட்டா?"

"நம்ம தாத்தாவும் இந்தியாக்காரருன்னுதான் சொன்னாங்க, அண்ணே. அப்பாவ எத்தன வருஷம் அப்பிடிச் சொன்னாங்க?"

"அது வேற."

"எப்பிடி வேற, சொல்லு."

அவன் எழுந்தான். கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமலே போனான்.

மறைந்திருந்து இந்தக் காரியம் நடக்காது என்பது எனக்கு விளங்கிவிட்டது. முதலில் இந்தியத் தூதரகத்தில் அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தோம். பிறகு கடையில் உட்கார்ந்து எங்களுக்காக ஒரு கடிதம் டைப் அடித்தேன். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு "தயவுடன் கருணை காட்டுமாறு பணிந்து வேண்டுகிறேன்" என்றுதான் அடித்திருக்கிறேன். எங்கள் கடிதத்தில் அந்த வசனத்தை எழுதி, பார்த்து, அழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் இத்தனை வருடம் விசா இல்லாமல் இருந்தார், தோசை சுட்டார், நோயாகிவிட்டார், நான் அவருடைய மனைவி, என் சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறேன், அதற்கு அவர் உயிரோடு இங்கே இருக்க வேண்டும்.

விசா கந்தோருக்குப் போன காலையில் அவர் இரண்டு தடவை சட்டை மாற்றினார். வாசலில், "இப்பிடியே திரும்பிப் போயிரலாமா?" என்றார். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நங்கி, தமன்ம ஆவாத?" என்று கேட்டார். தங்கச்சி, நீங்களாகவேதான் வந்தீர்களா என்று.

"ஓவ்," என்றேன். "ஓடி ஒளிஞ்சு களைச்சுப் போச்சு, மிஸ். இனி ஒளிய மாட்டோம்." அதையும் சிங்களத்தில்தான் சொன்னேன்.

மணிக்கணக்கில் இருக்க வைத்தார்கள். மூன்று அறைகளுக்கு அனுப்பினார்கள். ஒருவர் சத்தம் போட்டார். இன்னொருவர் என் கணவரை அன்றைக்கே தடுத்து வைக்க வேண்டும் என்றார். நான் டயலிசிஸ் கார்டை மேசையில் வைத்து, "நாளைக்கு இவருக்கு மெஷின். தடுத்து வச்சா நீங்களே கூட்டிட்டுப் போகணும்," என்றேன். கடைசியில் அந்தப் பெண் அதிகாரியே எங்கள் ஃபைலை மேலே கொண்டுபோய்ப் பேசிவிட்டு வந்தார். தண்டப்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். சிகிச்சைக்காக மூன்று மாதம் தங்கலாம் என்று முத்திரை குத்தினார்கள். வெளியே வந்ததும் அவர் பொலிஸ்காரர் நின்ற பக்கமாகவே நடந்தார். வேண்டுமென்றுதான் நடந்தார். எனக்குத் தெரியும்.

அந்த முத்திரையை வைத்துக்கொண்டு, கேட்ட தாள்களையெல்லாம் கொடுத்துத் திருமணத்தைப் பதிந்தோம். மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதிவாளருக்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். "எங்கள் வீட்டு விசேஷம்" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது, "அம்மா அப்பாவின் கல்யாணத்துக்கு நான் போனேன்" என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் அதைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். அடுத்த நாள் நானே போய் அதைச் சரி என்று மாற்ற வைத்தேன்.

பிறகு சிறுநீரகம் கொடுக்க அனுமதி தரும் குழுவுக்கு முன்னால் போனோம். நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். முதலில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். படிவத்தைப் புரட்டிக்கொண்டே, தமிழ் பேசும் ஒருவர் கேட்டார்.

"நோயாளி உங்களுக்கு என்ன உறவு?"

"புருசன்."

"பிறந்த இடம் நுவரெலியா மாவட்டம். தோட்டமோ?"

"ஆமாங்க."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். "இதுக்கு உங்களுக்கு என்ன தாறாங்கள்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டன.

"என்ன தாறதுன்னா?"

"பயப்பட வேண்டாம். உங்களைக் காப்பாத்தத்தான் கேக்கிறம். கலியாணம் பதிஞ்சு ஆறு கிழமைதானே ஆகுது?"

"பதிஞ்சு ஆறு கெழம. கட்டி எட்டு வருஷம்." மகளுடைய பத்திரத்தை எடுத்து வைத்தேன்.

"இதில பேர் போடுறது பெரிய விஷயமில்லை," என்றார் அவர்.

நான் எழுந்து நின்றேன். "ஐயா, நாளைக்கு உங்களுக்குக் கிட்னி பழுதாகி உங்க சம்சாரம் குடுக்க வந்தா, அவங்ககிட்டயும் என்ன தாறாங்கன்னு கேப்பீங்களா?"

முடிவைத் தபாலில் அறிவிப்போம் என்று ஃபைலை மூடினார்கள். இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. உறவின் உண்மைத்தன்மை போதியளவு நிரூபிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. நான்தான் அதை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தோட்டத்தில் என்னோடு படித்த ஒருத்திக்கு இடுப்பில் நீளமான தழும்பு இருக்கிறது. ஒரு தரகன் வந்து, கொழும்புக்குக் கூட்டிப்போய், கையெழுத்து வாங்கி, ஒரு கிட்னியை வெட்டி எடுத்துவிட்டு, பஸ் ஏற்றி அனுப்பினான். சொன்ன காசில் பாதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்த விதி அவளைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தரகனிடம் எல்லாத் தாளும் சரியாக இருந்தது. முத்திரையும் கையெழுத்தும் உறவுக் கடிதமும் ஒன்றுகூடக் குறையவில்லை. தாள் இல்லாமல் போய் நின்றவள் நான். அதனால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேன்முறையீடு எழுதினேன். இந்தத் தடவை தாள்களை மட்டும் நம்பவில்லை. ஆட்களைத் திரட்டினேன். வீட்டுக்கார அம்மா, தாலி எடுத்துக் கொடுத்த ஐயர், சைவக்கடையின் இப்போதைய முதலாளி, மகளின் அதே டீச்சர், ஒழுங்கை முனையில் த்ரீவீல் ஓட்டும் சிங்கள அண்ணன் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து குழு அறைக்கு வெளியே நடைபாதை மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாட்சிகளை அழைக்கவில்லையே என்று எழுதுவினைஞர் ஓடிவந்தார். "அழைக்க வேணாம். அவங்களாத்தான் வந்திருக்காங்க. கேக்குற வரைக்கும் இருப்பாங்க," என்றேன்.

மதியம் ஒன்றரை வரை இருந்தார்கள். அதற்குப் பிறகுதான், வேறு வழியில்லாமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நானும் உள்ளே இருந்தேன். வீட்டுக்கார அம்மா உள்ளே வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"டொக்டர், எட்டு வருஷமா இந்த ரெண்டு பேருட சண்டையக் கேட்டுக்கிட்டு ஈக்கிறன். சம்பலுக்கு உப்புக் கூடினாச் சண்ட, படுக்கிற நேரம் லைட்ட நூக்காட்டிச் சண்ட. சல்லிக்குக் கட்டின கலியாணத்துல இப்பிடிச் சண்ட வருமா? நீங்களும் கலியாணம் முடிச்சவங்கதானே, சொல்லுங்க."

முதல் தடவை என்னைக் கேள்வி கேட்டவரே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மேசையின் ஓரத்திலிருந்த ஒரு பெண் டொக்டர் சிங்களத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார், ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்வதில் உள்ள ஆபத்து தெரியுமா என்று. அந்த மேசையிலிருந்து எனக்கு வந்த முதல் சரியான கேள்வி அது. தெரியும் என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அனுமதி வந்தது. அறுவைச் சிகிச்சை நாளன்று காலையில் எங்கள் இரண்டு தள்ளுகட்டில்களையும் நடைபாதையில் சிறிது நேரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"பயமா இருக்கா புள்ள?" என்றார்.

"கோவமா இருக்கு."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

கண் விழித்தபோது இடது விலாவுக்குக் கீழே நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. வாய் உலர்ந்திருந்தது. மிஸ்ஸி ஒருத்தி வார்ட்டுக்குள் வேகமாக வந்து என் காதோடு சொன்னாள், "நங்கி, மஹத்தயா ச்சூ கரனவா!" உங்கள் ஆள் சிறுநீர் கழிக்கிறார் என்று. பல மாதமாகத் துளித் துளியாகக் குறைந்து, கடைசியில் நின்றே போயிருந்த சிறுநீர். பை நிறைந்து மாற்றுகிறார்களாம். நான் சிரித்தேன். தையல் இழுத்து உயிர் போனது. நிறுத்த முடியாமல் மறுபடியும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அண்ணன் மூன்றாம் கிழமை ஒரு பை அப்பிளோடு வந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரோடு கிரிக்கெட் கதைக்கத் தொடங்கி, இந்தியாவா இலங்கையா என்று இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தான்.

இவையெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது. அவர் இப்போது கல்லுக்கு முன்னால் நிற்பதில்லை. அதே கடையில் காலையில் மா அரைப்பதையும் சட்னி சம்பலையும் பார்த்துக்கொள்கிறார். உயிருள்ளவரை மாத்திரை போட வேண்டும். சில மாதம் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது, வெளியே தேடி அலைய வேண்டும். மழைக்காலத்தில் எனக்குத் தழும்பு குத்தும். அவரை இந்த நாட்டுக்காரர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. என் கணவர் என்ற உரிமையில் வருடத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதமும் மூன்று பேருமாக விசா கந்தோருக்குப் போனோம். கவுண்டரில் புதிதாக ஒரு தமிழ்ப் பையன். எங்கள் ஃபைலின் கனத்தைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு வருஷமும் இவ்வளவத்தையும் தூக்கிக்கொண்டு வாறீங்களே, களைக்கேல்லையா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"இல்ல தம்பி," என்றேன். "அடுத்த வருஷமும் வருவோம். ஃபைலத் தொலைச்சிடாம வச்சிருங்க."